வானிலை ஆப்ல மழைக்கு 40 சதவீதம்னு போட்டிருக்கு, வயல்ல இருக்கவா கெளம்பவா? இடிமழை பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வயல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது சுத்தியும் வெறும் வயக்காடு, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் ஒரு மறைப்பு கெடையாது. பத்து நாளா ஒரே மாதிரி தான் போகுது, காலைல பளிச்சுனு வெயில், மதியத்துக்கு மேல புழுக்கம் தாங்க முடியல, நாலு மணிக்கு மேல ஏதாவது ஒரு மூலைல கறுத்துட்டு வந்துருது. ஆப்ல தினமும் 40 சதவீதம் 50 சதவீதம்னு காட்டுது, ஆனா ஒரு நாள் எங்க வயல்ல சொட்டு விழாது, ஒரு கிலோமீட்டர் தள்ளி வாய்க்கா நெறஞ்சு ஓடும்.

போன வாரம் தூரத்துல உறுமிச்சு, சரி இன்னும் ரெண்டு வரிசை தான பாக்கி முடிச்சுட்டே போயிரலாம்னு நின்னோம். பதினஞ்சு நிமிஷம் கூட ஆகல, காத்து அடிச்சு மேல போட்டிருந்த தார்ப்பாய பிச்சுட்டு போச்சு, அறுத்து வச்சது பூரா நனைஞ்சுது, அதுக்கு மேல ஆலங்கட்டி வேற. கூட வேலை செஞ்ச ரெண்டு பேரு ஓடிப்போயி மரத்தடில நின்னுட்டாங்க. மழை விட்டப்பறம் பாத்தா அதே வரப்புல கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொரு மரத்துல மின்னல் எறங்கி மேலேர்ந்து கீழ வரை பட்டை உரிஞ்சு கெடக்குது. அதப் பாத்ததுலேர்ந்து எனக்கு தூக்கமே சரியா இல்ல, அவங்கள நான் தான நிக்க வச்சேன்.

இன்னும் பாதி அறுவடை நிக்குது. எது சும்மா மழை எது ஆபத்தான மழைனு முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கறது? எவ்வளவு முன்னாடி ஆளுங்கள வெளிய கூட்டிட்டு வரணும்?

மேகம்பாக்கறவன் எழுதியது:

சகோ மொதல்ல அந்த 40 சதவீதம். உங்க இடத்துல அளக்கற அளவுக்கு மழை விழ 100க்கு 40 வாய்ப்பு, அவ்வளவு தான் அர்த்தம். எவ்வளவு பலமா பெய்யும், காத்து எப்படி, ஆலங்கட்டி உண்டா, இது எதுவும் அந்த நம்பர்ல இல்ல. 80 சதவீதம்னு போட்டு நாள் பூரா தூறலா போகலாம், 20 சதவீத நாள்ல உங்க வயல்ல மட்டும் பேய்க்காத்து அடிக்கலாம். அதனால அத வச்சு போகவா வேணாமானு முடிவு பண்ணாதீங்க.

தனியா கெளம்பற ஒரு இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம் தான் இருக்கும், அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரத்துல தானே கொட்டி தானே அழிஞ்சுரும். மேல ஏறுற காத்து போற வழிலயே மழையும் விழறதால அந்த மழையே ஏறுற காத்த அமுக்கிருது. அதனால தான் உங்க வயல் காஞ்சும் பக்கத்து வயல் நெறஞ்சும் இருக்கு. ஆனா தரைலேர்ந்து மேல போகப்போக காத்தோட வேகமும் திசையும் நல்லா மாறுச்சுன்னா கத வேற, மழை ஒரு பக்கம் விழும், ஏறுற காத்து இன்னொரு பக்கம் தடையில்லாம ஏறும், மேகம் மணிக்கணக்குல உயிரோட இருக்கும். பெரிய ஆலங்கட்டி பெரிய காத்து எல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி மேகத்துலேர்ந்து தான் வரும். வானிலை மையம் 'பலத்த காத்துடன் இடிமழை'னு தனியா எச்சரிக்கை போடறது இதெல்லாம் பாத்துத்தான். காலைல சதவீதத்த விட்டுட்டு அந்த எச்சரிக்கைய படிங்க.

புழுக்கம்னு சொன்னீங்களே, அதுல உங்க பயிருக்கும் பங்கு இருக்கு. நல்லா வளந்த மக்காச்சோளம் ஒரு ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 11,000லேர்ந்து 15,000 லிட்டர் வரைக்கும் தண்ணிய எலை வழியா காத்துல விடுது. அம்புட்டு ஈரமும் தரையோரம் தேங்கி நிக்கும், மதிய வெயில் அத தூக்கி விடும். பச்சையா வெளஞ்சு நிக்கற பெரிய சமவெளில சாயங்கால இடிமழைக்கு இதுவும் தீனி.

வானத்துல பாக்க வேண்டியது: மதியம் ஒரு மணி ரெண்டு மணிக்கே மேகம் காலிபிளவர் மாதிரி ஓரம் கூர்மையா, கண்ணு முன்னாடியே ஒசந்துட்டு போனா அது வேலையக் காட்டப் போகுதுனு வச்சுக்கலாம். தலை தட்டையா பட்டறைக்கல் மாதிரி விரிஞ்சு, அந்த தட்டைக்கும் மேல ஒரு குமிழ் தள்ளிட்டு நின்னா உள்ள காத்து ரொம்ப பலமா ஏறுதுனு அர்த்தம். அப்பறம் ஒண்ணு, நெறைய பேரு தரைக்காத்து எந்தப் பக்கம் அடிக்குதுனு பாத்து 'மேகம் நம்மள விட்டு போகுது'ங்கறாங்க. மேகத்த நகத்தறது பல கிலோமீட்டர் ஒசரத்துல இருக்கற காத்து. தரைல காத்து மேகத்த நோக்கி போனா அது காத்த உள்ள இழுத்துட்டு இருக்குனு கூட இருக்கலாம், அந்த நேரம் அது உங்கள நோக்கித் தான் வந்துட்டு இருக்கும்.

வெள்ளாமை எழுதியது:

மேல சகோ சொன்னது எல்லாம் சரி, ஆனா வயல்ல நிக்கறவனுக்கு வேண்டியது ஒரே கணக்கு. உங்க ஆளுங்கள, மெஷின, மூட வேண்டியத மூடி, எல்லாத்தையும் பத்திரமான எடத்துக்கு கொண்டு வர எத்தன நிமிஷம் ஆகும்? ஒரு நாள் நிஜமாவே கடிகாரம் வச்சு செஞ்சு பாருங்க. நாங்க இருபது நிமிஷம்னு நெனச்சிட்டு இருந்தோம், செஞ்சு பாத்தா நாப்பத்தஞ்சு ஆச்சு.

இப்ப கணக்கு போடுங்க. மேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல வருதுனு வைங்க, நாப்பத்தஞ்சு நிமிஷத்துல 30 கிலோமீட்டர் வந்துரும். இடிச்சத்தம் சாதாரணமா 15 கிலோமீட்டருக்கு மேல காதுக்கு வராது. அப்போ இடி கேக்கறப்ப உங்களுக்கு இருபது நிமிஷம் தான் பாக்கி, அதுலயும் மேகத்துலேர்ந்து எறங்குற குளிர்ந்த காத்து மழைக்கு முன்னாடியே பல கிலோமீட்டர் தள்ளி ஓடி வரும், உங்க தார்ப்பாய பிச்சது அது தான். மின்னலும் மழை விழற எடத்துல தான் விழும்னு இல்ல, 15 கிலோமீட்டர் தள்ளி வெயிலடிக்கற எடத்துலயும் விழும். நான் சொல்றது இது தான் அண்ணே, இடி கேட்டப்பறம் முடிவு பண்ற விஷயமே இல்ல இது. முடிவு அதுக்கு முன்னாடி, மழைமேகம் எங்க இருக்குனு காட்டற ராடார் படத்த பாத்து 30, 40 கிலோமீட்டர்ல இருக்கும்போதே எடுக்கணும். இடி கேட்டுச்சுனா ரெண்டு வரிசையும் கெடையாது ஒரு வரிசையும் கெடையாது, கையில இருக்கறத கீழ போட்டுட்டு ஆளு மட்டும் கெளம்பணும்.

எங்க போறது? சுவரும் கூரையும் உள்ள வீடு, இல்லன்னா கதவு மூடுற மேல தகடு உள்ள வண்டி. வண்டி காப்பாத்தறது டயரால இல்ல, சுத்தி இருக்கற உலோகக் கூடு மின்சாரத்த வெளிப்பக்கமா தரைக்கு கொண்டு போயிரும், அதனால. கேபின் இல்லாத டிராக்டர்ல உக்காந்தா ஒரு பாதுகாப்பும் இல்ல. நாலு கால் நட்டு போட்ட தகரக் கொட்டாயும் அப்படித்தான், மழைக்கு ஆகும் மின்னலுக்கு ஆகாது. மரத்தடி வேணவே வேணாம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத் தான் திரும்ப எறங்கணும், மழை விட்டுருச்சு வெளிச்சம் வந்துருச்சுனு உடனே போறப்ப தான் நெறைய பேரு மாட்டிக்கறாங்க.

ராடார் பாக்கும்போது ஒரு விஷயம், நீங்க பாக்கற படம் ஏற்கனவே அஞ்சு பத்து நிமிஷம் பழசு. படத்துல 20 கிலோமீட்டர்ல இருந்தா நெசத்துல இன்னும் கிட்ட இருக்கும்.

வயல்வாசி எழுதியது:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அந்த நிமிஷக் கணக்க நான் யோசிச்சதே இல்ல. இன்னும் ரெண்டு சந்தேகம். இங்க ஒருத்தர் சத்தமா வெடி வெடிச்சா மேகத்துல ஆலங்கட்டி ஒடஞ்சுரும், எல்லாரும் காசு போட்டு அந்த மெஷின் வாங்கலாம்ங்கறாரு, உண்மையா? ரெண்டாவது, அன்னிக்கு பயிர் சாஞ்சத பாத்து எல்லாரும் சுழல்காத்துங்கறாங்க, எனக்கு அப்படி தோணல.

மேகம்பாக்கறவன் எழுதியது:

அந்த மெஷினுக்கு காசு போடாதீங்க, மனசார சொல்றேன். இது 1896லயே ஆரம்பிச்ச கத. ஆஸ்திரியாவுல ஆல்பர்ட் ஸ்டிகர்னு திராட்சை தோட்டக்காரர் ஒருத்தர் மேகத்த பாத்து சுடற பெரிய புனல் மாதிரி பீரங்கி வச்சாரு, அந்த வருஷம் அங்க ஆலங்கட்டி விழல, உடனே இத்தாலி வரைக்கும் ஆயிரக்கணக்குல பரவுச்சு. அப்பறம் அரசாங்கமே சோதனை வச்சு பாத்தப்ப பீரங்கி இருந்த எடத்துலயும் ஆலங்கட்டி கொட்டுச்சு, எல்லாரும் விட்டுட்டாங்க. உலக வானிலை அமைப்பும் இதுக்கு அறிவியல் அடிப்படை இல்லன்னு தான் சொல்லுது. இடி தானே அத விட பெரிய சத்தம், ஆலங்கட்டி மேகத்துல அது ஓயாம அடிச்சுட்டு தான இருக்கு. காசு இருந்தா விலை ஒசந்த பயிருக்கு மேல வலை போடுங்க, அது மட்டும் தான் நிச்சயமா தடுக்கும்.

காத்து விஷயத்துல உங்களுக்கு தோணுனது சரியா இருக்கலாம். சாஞ்ச பயிர ஒசரத்துலேர்ந்து பாருங்க. எல்லாம் ஒரே பக்கமா படுத்திருந்தா இல்ல ஒரு எடத்துலேர்ந்து விசிறி மாதிரி வெளிய விரிஞ்சு படுத்திருந்தா, அது மேகத்துலேர்ந்து பொத்துனு எறங்கி தரைல மோதி செதறுன காத்து. ஒண்ணுக்கொண்ணு குறுக்க பின்னி உள்பக்கமா இழுத்த மாதிரி கெடந்தா தான் சுழல். 1970கள்ல டெட்சுயா ஃபுஜிட்டானு ஒரு வானிலை ஆராய்ச்சியாளர் விமானத்துலேர்ந்து சேதத்த பாத்து தான் இந்த எறங்குகாத்த கண்டுபிடிச்சாரு, அது வரைக்கும் எல்லாத்தையும் சுழல் கணக்குல எழுதிட்டு இருந்தாங்க. நேர்க்காத்துனா சின்னதுனு நெனச்சுராதீங்க. 2020 ஆகஸ்ட் 10 அன்னிக்கு அமெரிக்காவுல டெரேச்சோனு சொல்ற நேர்க்காத்து வரிசை ஒண்ணு 14 மணி நேரத்துல கிட்டத்தட்ட 1,240 கிலோமீட்டர் போச்சு, அயோவா மாநிலத்துல லட்சக்கணக்கான ஏக்கர் மக்காச்சோளம் அப்படியே படுத்துருச்சு. ராடார்ல வில்லு மாதிரி வளைஞ்ச வரிசை உங்கள நோக்கி வந்தா அந்த வளைவோட நடுப்பகுதில தான் காத்து மோசமா இருக்கும், அத பாத்தா மத்த எதுக்கும் காத்திருக்காதீங்க.

தொழுவம் எழுதியது:

ஆளுங்கள பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, மாடு ஆடு வச்சிருக்கறவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். மின்னல் தரைல விழுந்தா மின்சாரம் மண்ணுல நாலாபக்கமும் பரவும், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல தூரம் அதிகம்ங்கறதால அது ஒடம்பு வழியா, நெஞ்சு வழியா போயிரும். 2016 ஆகஸ்ட்ல நார்வேல ஒரு மலைமேட்டுல ஒண்ணா ஒட்டி நின்ன 323 கலைமான் ஒரே இடிமழைல செத்துச்சு, படம் பாத்துட்டு ரெண்டு நாள் மனசே சரியில்ல. மேய்ச்சல் நெலத்துல தனியா ஒரே மரம் இருந்தா அத சுத்தி வேலி போட்டு உள்ள விடாதீங்க, மழை வந்தா எல்லாம் அங்க தான் கூடும். கம்பிவேலி ஓரத்துலயும் நிக்க விடாதீங்க, மின்னல் எங்கயோ தூரத்துல வேலில விழுந்தாலும் கம்பி வழியா வந்துரும்.

அப்பறம் ஆலங்கட்டி அடிச்ச பயிர மறுநாளே பாத்துட்டு உழுதுராதீங்க. ஏழு பத்து நாள் விட்டு பாருங்க. மக்காச்சோளம் ஆறு எலை வர்ற வரைக்கும் வளர்ற நுனி மண்ணுக்குள்ள தான் இருக்கும், மேல பூரா கிழிஞ்சாலும் திரும்ப வரும். என் சொந்தக்காரர் ஒருத்தர் அவசரப்பட்டு அழிச்சாரு, பக்கத்து வயல் அப்பறம் நல்லாவே தேறிடுச்சு, இன்னும் அவரு அத சொல்லி வருத்தப்படறாரு.

வயல்வாசி எழுதியது:

இன்னிக்கு மதியம் கடிகாரம் வச்சு எல்லாரும் செஞ்சு பாத்தோம், எங்களுக்கு 35 நிமிஷம். தார்ப்பாய் கட்டறதுக்கே பன்னெண்டு நிமிஷம் போகுது, அதனால நாளைலேர்ந்து காலைலயே கட்டிட்டு தேவைப்பட்ட ஓரம் மட்டும் அவுத்துக்கறதுனு முடிவு. ராடார் பாக்கற வேலைய ஒருத்தர்கிட்ட தனியா குடுத்தாச்சு, மதியம் ஒண்ணுலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும், 35 கிலோமீட்டர்ல வந்தா என்னைக் கேக்காம அவரே விசில் அடிச்சுரலாம். அந்த ரெண்டு பேருகிட்டயும் உக்காந்து பேசுனேன், மரத்தடிக்கு ஏன் போகக்கூடாதுனு சொன்னேன், எங்க போகணும்னு வண்டிய காட்டி வச்சிருக்கேன். இப்ப வடமேக்குல மறுபடி ஒசந்துட்டு நிக்குது, நான் கெளம்பறேன்.