பழைய ராக் டிரம் ஒலி: நான்கு மைக்கா, பதினொன்றா?

குழித்துறைக்காரன் | சனி, இரவு 9.40

எங்கள் நால்வர் குழு, 70-களின் தொடக்கத்து ராக் இசையின் சாயலில் நான்கு தமிழ்ப் பாடல்களைப் பதிந்துகொண்டிருக்கிறது. டிரம் பகுதியை இரண்டு விதமாகப் பதிந்து வைத்துக்கொண்டு, எதை வைப்பது என்று தெரியாமல் நிற்கிறோம். முதல் பதிவைத் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில், 10 அடி உயரக் கான்கிரீட் கூரையின் கீழே, கம்பளம் விரித்த அறையில் பதினொரு மைக் வைத்துச் செய்தோம். இரண்டாவதைக் களியக்காவிளைக்கு அருகில் என் மாமாவின் ஓட்டு வீட்டில் செய்தோம். ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த நடுக்கூடத்தை ஒழித்துவிட்டு, சிவப்புச் சிமெண்ட் தரையில் டிரம்மைப் போட்டு நான்கே மைக் வைத்தோம். கூடத்தின் முகடு 14 அடி உயரம் இருக்கும்.

ஸ்டுடியோப் பதிவில் ஒவ்வொன்றும் துல்லியமாகக் கேட்கிறது. ஆனால் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஓர் அறையிலும் ஸ்னேர் (அடியில் கம்பி கட்டிய சிறு டிரம்) இன்னோர் அறையிலும் இருப்பது போலத் தோன்றுகிறது. வீட்டுப் பதிவில் எல்லாம் ஒன்றாகக் கேட்கிறது. ஆனால் சிம்பல் (உலோகத் தட்டு) காதைக் கிழிக்கிறது, கிக் எங்கோ அடுத்த வீட்டில் ஒலிக்கிறது. எதை வைக்கலாம்?

ஓட்டுக்கூரை, தக்கலை | சனி, இரவு 10.15

யோசிக்கவே வேண்டாம், வீட்டில் பதிந்ததை வையுங்கள். ஸ்டுடியோப் பதிவு பிரிந்து கேட்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது. ஸ்னேரில் விழும் ஒரே அடி, அதை ஒட்டியிருக்கும் மைக்கை உடனடியாகவும், ஒரு மீட்டர் மேலே தொங்கும் மைக்கை 3 மில்லி விநாடி கழித்தும், டாம்களுக்கு (கிக், ஸ்னேர் தவிர்த்த மற்ற டிரம்களுக்கு) வைத்த மைக்குகளை ஆளுக்கொரு நேரத்திலும் சென்றடைகிறது. இவற்றைக் கூட்டும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டரை மில்லி விநாடி வித்தியாசம் இருந்தால் அடிபடுவது 200 ஹெர்ட்ஸ். ஸ்னேரின் சதைப்பற்று அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பதினொரு மைக் வைத்தால் பதினொரு சாட்சிகள் வருவார்கள், ஒவ்வொருவரும் வேறு நேரம் சொல்வார்கள்.

லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழுவின் முதல் தொகுப்பை 1968-இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிந்த ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் இன்று ஒரு முறை வழங்குகிறது. ஸ்னேருக்கு நேர் மேலே ஒரு மைக். ஃப்ளோர் டாம் (தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய டாம்) பக்கத்தில், அதன் விளிம்புக்குச் சற்று உயரத்தில், ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலை) நோக்கி இன்னொரு மைக். ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அவற்றுடன் கிக்குக்கு ஒன்று, தேவைப்பட்டால் ஸ்னேருக்கு ஒன்று. நான் அளப்பதற்குக் கொத்தனார் நூல் வைத்திருக்கிறேன். ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையை முதல் மைக்குக்கு இழுத்து முடிச்சுப் போட்டு, அதே முடிச்சை இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோகிறேன். விரற்கடை பிசகினாலும் ஹெட்ஃபோனில் ஸ்னேர் ஒரு பக்கம் நகர்வது தெரியும்.

பாறசாலை மிக்ஸர் | சனி, இரவு 11.02

என் பெயரைப் பார்த்துத் தின்பண்டம் கேட்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குச் செல்லவும்.

தக்கலை அண்ணன் சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனால் 'பழைய ஒலி' என்று ஒன்றே ஒன்று இருப்பது போலப் பேசுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. 1966-இல் லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில் பீட்டில்ஸின் டிரம்மைப் பதிந்த ஜெஃப் எமெரிக், கிக்குக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, அங்கே அன்று வழக்கமாக இருந்ததைவிட மைக்கை மிக நெருக்கமாக வைத்து, ஃபேர்சைல்ட் 660 கம்ப்ரசரில் (உரத்த ஒலியை அழுத்திச் சமப்படுத்தும் கருவி) நசுக்கினார். 70-களின் நடுவில் வந்த ஒலியோ முற்றிலும் வேறு: எதிரொலியே இல்லாத கம்பள அறை, அடித்தோல் கழற்றிய டாம்கள், ஒவ்வொரு டாமின் வாயிலும் ஒரு மைக். அதுவும் பழைய ராக் ஒலிதான். அதைத் தேடுபவருக்கு உங்கள் நான்கு மைக் உதவாது.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1971-இல் வெளிவந்த லெட் செப்பெலினின் நான்காம் தொகுப்பில் இருக்கும் 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடலைத்தான். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்மைப் போட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் மேலிருந்து இரண்டு பேயர்டைனமிக் எம் 160 மைக்குகளைத் தொங்கவிட்டார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்த ஒலியைப் பின்ஸன் எக்கோரெக் என்னும் எதிரொலிக் கருவியில் அனுப்பி, கம்ப்ரசரில் கடுமையாக அழுத்தியதை மட்டும் அறைப் பக்தர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பீட்டில்ஸின் 'ரெயின்' பாடலுக்குத் தாளப் பகுதியை வேகமாக வாசித்துப் பதிந்து, டேப்பை மெதுவாக ஓடவிட்டார்கள். அந்த டிரம்மின் கனம் அப்படி வந்தது. இவையெல்லாம் கருவி வேலை. பல மாடி உயரப் படிக்கட்டுக் கூடமும் 14 அடி ஓட்டுக்கூடமும் ஒன்றாகிவிடாது.

ஆகவே ஸ்டுடியோப் பதிவை வையுங்கள். அதிலிருந்து எந்தப் பக்கமும் போகலாம். வீட்டுப் பதிவில் சிம்பலைக் குறைக்க நினைத்தால் ஸ்னேரும் சேர்ந்து குறையும்.

ஓட்டுக்கூரை, தக்கலை | ஞாயிறு, காலை 7.20

"எந்தப் பக்கமும் போகலாம்" என்பதுதான் நோய். நீங்கள் சொன்ன 1966-இல் அவர்களிடம் இருந்தது நான்கு டிராக் டேப், அதாவது தனித்தனியாகப் பதிய நான்கே தடங்கள். டிரம்முக்கென்று பத்து டிராக் ஒதுக்க வழியில்லாததால், மைக்குகளின் அளவைப் பதியும்போதே கலந்து ஒரே டிராக்கில் இறக்க வேண்டியிருந்தது. பலமுறை மற்ற வாத்தியங்களும் அதே டிராக்கில் ஏறின. மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அந்த நிர்ப்பந்தம் ஒலியில் கேட்கிறது.

நீங்கள் இன்னொன்றும் சொல்வீர்கள் என்று தெரியும்: டிராக்குகளைக் கணினியில் நகர்த்தி நேரத்தைச் சரிசெய்யலாம் என்பீர்கள். ஸ்னேருக்காக மேல் மைக்குகளை 3 மில்லி விநாடி முன்னே நகர்த்தினால் ஸ்னேர் பொருந்தும். ஆனால் அதே மைக்குகளுக்கு ஃப்ளோர் டாம் வேறு தூரத்தில் இருக்கிறது. அது அங்கே பிசகும். கிழிந்த வேட்டியை ஒரு பக்கம் இழுத்து மூடினால் மறுபக்கம் தெரிவது போலத்தான்.

செங்கோட்டை ஸ்னேர் | ஞாயிறு, காலை 9.05

நான் வாசிப்பவன், பதிபவன் அல்ல. இரண்டு அண்ணன்மாரும் மைக்கைப் பற்றியே பேசுகிறீர்கள்; டிரம்மைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குழித்துறை நண்பரே, கீழ்க்கண்டவற்றைச் சொல்லுங்கள். கிக்குக்குள் தலையணை இருந்ததா? மேல்தோல் ஒற்றை அடுக்கா, எண்ணெய்த் தோல் என்று கடைகளில் சொல்லும் இரட்டை அடுக்கா? சிம்பலை எந்த அளவு பலத்தில் அடித்தார்?

சிம்பல் காதைக் கிழிப்பது மைக்கின் குற்றம் அன்று. எங்கள் பக்கத்தில் திருவிழா மேடைகளில் வாசித்துப் பழகியவர்கள், எனக்கும் இதில் பங்குண்டு, ஹை-ஹாட்டைத் தகரத்தைத் தட்டுவது போலத் தட்டுகிறோம். மேடையில் ஸ்னேருக்கும் கிக்குக்கும் தனி மைக் இருந்து காப்பாற்றுகிறது. இரண்டு மைக் மேலே தொங்கும்போது டிரம்மர்தான் மிக்ஸிங் செய்கிறார். ஸ்னேரின் நடுவில் முழுக்கையால் அடித்து, ஹை-ஹாட்டை மணிக்கட்டால் மட்டும் தொட வேண்டும். எனக்கு இது பழக ஆறு மாதம் ஆயிற்று. கேரளத்துச் செண்டைமேளத்தில் இலைத்தாளம் அடிப்பவர்கள் செண்டையை மூழ்கடிக்காமல் நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். அங்கே யாரும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

தோலைப் பற்றி: வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றை அடுக்குத் தோலைப் போடுங்கள். பளபளப்பான தோலில் வரும் கிளிக் சத்தம் அதில் அடங்கும். டாமின் அடித்தோலை மேல்தோலைவிடச் சற்று இறுக்கமாக வைத்தால் ஒலி தேவையான நேரம் நின்று இறங்கும். மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் செண்டைத் தோல் போலத் தொய்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். இது மைலார் என்ற பிளாஸ்டிக், ஈரம் குடிப்பதில்லை.

குழித்துறைக்காரன் | ஞாயிறு, காலை 11.30

கிக்குக்குள் தலையணை இருந்தது. முன்தோலில் பெரிய ஓட்டையும் இருந்தது. தோல்கள் எல்லாம் இரட்டை அடுக்கு. சிம்பலைப் பற்றிக் கேட்காதீர்கள், டிரம்மர் என் மச்சான்.

பாறசாலை மிக்ஸர் | ஞாயிறு, நண்பகல் 12.10

செங்கோட்டைத் தம்பியின் பதிவுக்குப் பிறகு நான் சொல்ல வந்ததில் பாதி தேவையற்றதாகிவிட்டது. இரண்டடி தள்ளி வைத்த மைக்குக்குத் தலையணை எதிரி. நெருங்கி வைத்த மைக்குக்கு அது நண்பன். ஸ்டுடியோவில் சரியாகப் பொருந்திய அதே கிக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனதால்தான் அது அடுத்த வீட்டில் ஒலிக்கிறது.

ஆனாலும் ஓர் ஐயம் தீரவில்லை. நான்கு பாடல்களும் ஒரே அறையை வேண்டுகின்றனவா? வேகம் குறைந்த பாடல் ஏதேனும் இருந்தால் அதற்குத் தோர்த்துப் போட்டு அடக்கிய டிரம் வேண்டும். 1969-இல் எடுத்த படங்களில் பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் டிரம்களின் மேல் துண்டு கிடப்பதைப் பார்க்கலாம்.

ஓட்டுக்கூரை, தக்கலை | ஞாயிறு, பிற்பகல் 1.00

எங்கள் ஊரில் அதைத் துவர்த்து என்போம். அந்த ஒரு விஷயத்தில் உங்களுடன் சண்டையில்லை.

குழித்துறைக்காரன் | புதன், இரவு 8.50

இரண்டு சோதனைகள் செய்தேன். முதலில், ஸ்டுடியோப் பதிவில் மேலே இருந்த இரண்டையும் கிக், ஸ்னேர் மைக்குகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் மூடினேன். பிறகு எல்லாவற்றையும் மோனோவாக்கி (இடம் வலம் பிரிக்காமல் ஒரே ஒலியாக்கி), ஸ்னேர் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பினேன், அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கினேன். ஸ்னேர் சட்டென்று தடித்தது, என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து "இப்ப என்ன மாத்தினீங்க?" என்று கேட்டாள். அந்த ஸ்டுடியோவில் யாரும் இதைச் சரிபார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் ஒரு பெட்டித்தனம் போகவில்லை.

இரண்டாவதாக, ஞாயிறு மாலையே வீட்டுக் கூடத்தில் தலையணையை எடுத்துவிட்டு, ஓட்டையில்லாத முன்தோலும் ஒற்றை அடுக்குத் தோல்களும் போட்டு, மச்சானிடம் கெஞ்சி ஹை-ஹாட்டை அடக்கி வாசிக்கச் சொல்லி ஒரு பாடலை மீண்டும் பதிந்தேன். கிக் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஓட்டுக்கூரை, தக்கலை | புதன், இரவு 9.30

பெட்டித்தனம் கூரையிலிருந்து வருகிறது. 10 அடிக் கூரைக்குக் கீழே ஆறரை அடியில் மைக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி 7 அடி கூடுதலாகப் பயணித்து, 6 மில்லி விநாடி தாமதமாக அதே மைக்கில் விழும். காது அதை எதிரொலியாகக் கேட்காது, நிறம் மாறியதாகவே கேட்கும். ஓட்டுக்கூரை சாய்வாக இருப்பதால் ஒலி நேராகத் திரும்புவதில்லை. உத்தரமும் கழிக்கோலும் ஓட்டின் வளைவுகளும் அதைச் சிதறடிக்கின்றன.

பாறசாலை மிக்ஸர் | புதன், இரவு 10.05

அந்த ஸ்டுடியோவில் மைக்குகளுக்கு மேலே ஒரு தடித்த மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணன். மழை பெய்தால் ஓட்டு வீட்டில் என்ன பதிவீர்கள்? துலாம் (ஐப்பசி) மழை ஓட்டில் விழும் சத்தத்தை எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது.

குழித்துறை நண்பருக்கு: வீட்டுப் பதிவை வைப்பதானால் மிக்ஸிங்கில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். நான்கு டிராக்கையும் சேர்த்து ஒரே கம்ப்ரசரில் அனுப்புங்கள். அட்டாக்கை (அழுத்தத் தொடங்கும் நேரத்தை) 30 மில்லி விநாடிக்கு அருகில் வைத்தால் குச்சி விழும் முனை தப்பித்து வெளியே வரும். அதையே ஒன்றிரண்டு மில்லி விநாடிக்கு இறக்கினால் அடி பின்வாங்கிக் கூடம் முன்னே வரும். ரிலீஸை (அழுத்தத்தை விடும் நேரத்தை) பாட்டின் வேகத்துக்கு ஏற்ப வையுங்கள். வேகம் நிமிடத்துக்கு 84 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் 714 மில்லி விநாடி. அதற்குள் கம்ப்ரசரின் அளவு காட்டும் ஊசி முழுவதும் திரும்பி வர வேண்டும். மெல்லிய ஒலியை அடைத்துவிடும் கேட் போடாதீர்கள். டாம் ஓயும்போது ஸ்னேரின் அடிக்கம்பிகள் சிலுசிலுப்பதுதான் அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் நாம் கேட்பது. பழைய டேப்பின் ஒலியைப் போலிசெய்யும் மென்பொருளைப் போடுவதானால் எல்லாவற்றுக்கும் கடைசியில், மிகக் குறைவாக.

குழித்துறைக்காரன் | வியாழன், காலை 6.45

மூன்று பாடல்களை வீட்டிலேயே மறுபடி பதிவது என்று முடிவு செய்திருக்கிறோம். நான்காவது மெதுவான பாடல். அதற்கு ஸ்டுடியோப் பதிவையே நான்கு மைக்காகக் குறைத்து வைக்கலாமா, அல்லது துவர்த்துப் போட்டுப் புதிதாகப் பதியலாமா என்பதில் மச்சானுக்கும் எனக்கும் கருத்து ஒன்றுபடவில்லை. பாறசாலை அண்ணன் இந்தச் சனிக்கிழமை எல்லை தாண்டி வருவதானால் மெத்தையும் கொண்டுவரலாம். தக்கலை அண்ணன் நூலைக் கொண்டுவரட்டும்.

பாறசாலை மிக்ஸர் | வியாழன், காலை 7.10

வருகிறேன். மழை வந்தால் திரும்பிவிடுவேன்.