22-ல் தொடங்கிய ஒயின் 8 பிரிக்ஸில் நிற்கிறது, பாட்டிலில் அடைக்கலாமா?

காக்ஸ்டவுன்_ஜாடி:
வணக்கம், பெங்களூருவிலிருந்து. கிறிஸ்துமஸுக்கு அம்மா வருஷா வருஷம் போடும் திராட்சை ஒயினை இந்த முறை நான் போட்டிருக்கிறேன். ரஸல் மார்க்கெட்டில் வாங்கிய பெங்களூர் ப்ளூ, பிழிந்ததில் 5 லிட்டர் சாறு. சர்க்கரை அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 16 பிரிக்ஸ், அதாவது 100 கிராமில் 16 கிராம் சர்க்கரை. 400 கிராம் சர்க்கரை கரைத்ததும் 22. பிறகு ஈஸ்ட் போட்டேன். முதல் வாரம் ஜாடியில் காதை வைத்தால் நுரைக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கு 19-ம் நாள், சத்தம் அடங்கிவிட்டது. ரீடிங் மட்டும் 5 நாளாக 8-ஐ விட்டு இறங்கவில்லை.

100 கிராமில் 8 கிராம் சர்க்கரை மிச்சம் என்றால் அடைக்கப் பயமாக இருக்கிறது. போன வருஷம் ராத்திரி 2 மணிக்கு ஒரு பாட்டில் வெடித்து, காலையில் பார்த்தால் அடுப்பு மேடை முழுக்கக் கண்ணாடித் தூள். இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடட்டுமா?

மத்திகெரே_மணி:
ரிஃப்ராக்டோமீட்டரோட கண்ணாடிப் பிரிஸத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, 0 காட்டணும். குழாய்த் தண்ணி வேண்டாம்.

காக்ஸ்டவுன்_ஜாடி:
பார்த்துட்டேங்க, சரியா 0. பக்கத்து வீட்டு ஆன்ட்டி குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைக்கச் சொல்றாங்க.

அல்சூர்_அக்கா:
தம்பி, ஈஸ்டைத் தொடாதீங்க. உங்க ஒயின் அனேகமா முடிஞ்சிருச்சு.

ரிஃப்ராக்டோமீட்டர் சர்க்கரையை நேரடியா அளக்கிறதில்லை. ஒளி எவ்வளவு வளையுதுன்னு பார்த்து, அதை பிரிக்ஸா காட்டுது. சாறில் சர்க்கரையும் தண்ணியும் மட்டும்தான்னு நம்பிப் போட்ட கோடுகள் அவை. ஆல்கஹால் வந்ததும் கணக்கு கெட்டுப்போகுது, ஏன்னா தண்ணியின் ஒளிவிலகல் எண் 1.33, ஆல்கஹாலுக்கு 1.36. சர்க்கரை தீர்ந்த பிறகும் கருவி ஏதோ இருக்கிற மாதிரியே காட்டும். 22-ல் தொடங்கி 8-ல் நின்னா, திருத்தக் கணக்குப்படி அடர்த்தி ஏறக்குறைய 0.995 (தண்ணிக்கு 1). அது இனிப்பில்லாத ஒயின்.

குளுக்கோமீட்டர் வேண்டாம். அது குளுக்கோஸை மட்டும்தான் பார்க்கும். ஈஸ்ட் முதல்ல தின்னு தீர்க்கிறதும் அதைத்தான், திராட்சையில் இருக்கிற இன்னொரு சர்க்கரையான ஃப்ரக்டோஸ்தான் கடைசிவரை மிஞ்சும்.

அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் இல்லேன்னா, வீட்டில் பால் பார்க்கிற லாக்டோமீட்டர் இருக்கா? முதல்ல தண்ணியில் விட்டு, எதுவரை மூழ்குதுன்னு ஒரு நூல் கட்டிக்குங்க. அப்புறம் அதே சூட்டில் இருக்கிற ஒயினில் விடுங்க. முன்னாடியே ஒயினை நல்லாக் கலக்கி வாயுவை வெளியேத்திடுங்க, குமிழ் ஒட்டினா கருவியைத் தூக்கிக் காட்டும். நூலுக்குக் கீழே இறங்கிட்டா ஒயின் தண்ணியைவிட லேசு. 8 பிரிக்ஸ் உண்மையிலேயே மிச்சம் இருந்தா அப்படி இறங்காது.

காக்ஸ்டவுன்_ஜாடி:
அக்கா, நூலைத் தாண்டி முழுசா உள்ளே போயிருச்சு! ஒரு ஸ்பூன் குடிச்சும் பார்த்தேன், நாக்கில் தித்திப்பே இல்லை, புளிப்பும் துவர்ப்பும்தான். இவ்வளவு நாள் ரீடிங்கை நம்பி நாக்கைக் கேட்காமலே இருந்திருக்கேன். ரொம்ப நன்றிக்கா. ஆனா அம்மாவுக்கு இனிப்பு வேணும், அடைக்கும்போது சர்க்கரை சேர்க்கலாமா?

அல்சூர்_அக்கா:
போன வருஷமும் அடைக்கும்போது சேர்த்தீங்களா?

காக்ஸ்டவுன்_ஜாடி:
ஆமாக்கா. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ரெண்டு கரண்டி.

அல்சூர்_அக்கா:
அதான் வெடிச்சிருக்கு. அடியில் வண்டல் தங்கித் தெளிஞ்ச ஒயினிலும் ஈஸ்ட் உயிரோடதான் இருக்கும். புதுச் சர்க்கரை கிடைச்சா மறுபடி வேலையை ஆரம்பிச்சிடும், மூடின பாட்டிலில் அந்த வாயு போக வழியில்லை. இனிப்பில்லாமலே அடைங்க. அம்மாவுக்கு மட்டும் சர்க்கரைப் பாகு காய்ச்சித் தனியா வெச்சுக்கிட்டு, குடிக்கிற நேரத்தில் கிளாஸில் கலந்து கொடுங்க.