10 நிமிடம் கொடுத்தால் 10 விநாடியில் பம்பு நிற்கிறது (ஆர்டுயினோ யூனோ)

சொட்டுநீர்:
யூனோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டு), 5 வோல்ட் ரிலே (பம்பைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்), சின்னத் தண்ணீர் பம்பு. ஓட வேண்டிய நேரத்தை மில்லிவிநாடியாக மாற்றி 'ஓட்டநேரம்' என்ற அன்சைன்டு லாங் (எதிர்ம எண் இல்லாத 32 பிட் முழு எண்) மாறியில் வைத்திருக்கிறேன்.

30 * 1000 → சரியாக 30 விநாடி
5 * 60 * 1000 → நிற்பதே இல்லை
10 * 60 * 1000 → 10 விநாடியில் நின்றுவிடுகிறது

ரிலே, அடாப்டர் இரண்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இதே நிரல் ஈஎஸ்பி32 என்ற வேறொரு போர்டில் ஒழுங்காக ஓடுகிறது. யூனோ பழுதா?

பிட்_கணக்கன்:
போர்டில் குறையில்லை, ரிலேயை விட்டுவிடுங்கள். மாறி அன்சைன்டு லாங்தான். ஆனால் பெருக்கல் அதற்குள் போவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 5, 60, 1000 மூன்றும் வெறும் இன்ட் (சாதாரண முழு எண் வகை). யூனோவில் இன்ட் என்றால் 16 பிட், உச்சம் 32,767. அதாவது 32.767 விநாடி. அதனால்தான் 30 விநாடி மட்டும் தப்பித்தது.

10 நிமிடம் = 6,00,000. 16 பிட்டில் அடங்குபவை மொத்தம் 65,536 எண்கள்; உச்சத்தைத் தாண்டினால் அதன் மடங்குகள் கழிந்துவிடும். இதில் 65,536-ஐ ஒன்பது முறை கழித்தால் மிச்சம் 10,176. உங்கள் 'பத்து விநாடி' அதுதான், கடிகாரத்தில் பார்த்தால் 10.2 இருக்கும்.
5 நிமிடம் = 3,00,000. மிச்சம் 37,856, குறியுள்ள 16 பிட்டில் இது −27,680. அந்த எதிர்ம எண் அன்சைன்டு லாங்குக்குள் போனதும் 4,29,49,39,616 மில்லிவிநாடி ஆகிறது. கிட்டத்தட்ட 49.7 நாள். காத்திருந்தால் நிற்கும்!

தீர்வு: முதல் எண்ணை ஒட்டி, இடைவெளி விடாமல், யூ எல் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். முதல் எண் 32 பிட் ஆகிவிட்டால் இடமிருந்து வலமாக மற்றவையும் அப்படியே பெருக்கப்படும். கடைசி எண்ணில் மட்டும் சேர்த்தால் 10 * 60 வரை இன்ட்டாகவே நடக்கும். இங்கே 600 என்பதால் பிழைக்கும், 600 * 60 என்று வந்தால் மறுபடி வழியும்.

ஈஎஸ்பி32-இல் இன்ட் 32 பிட். அதனால் அங்கே இது வெளியே தெரியவில்லை.

ஆர்டுயினோ மென்பொருளின் பிரிபரன்சஸில் கம்பைலர் வார்னிங்ஸை (நிரலை மாற்றும்போது வரும் எச்சரிக்கைகளை) 'ஆல்' ஆக்கினால் இதை முதலிலேயே காட்டிக்கொடுக்கும்.

சொட்டுநீர்:
சேர்த்தேன், 5, 10 இரண்டும் சரியாக வருகின்றன. நன்றி. இதையே மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடவிடலாமா?

ரிலே_ராசு:
நேரத்தை எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவிநாடிகளைச் சொல்லும் கட்டளை) 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். 'தொடக்கம் + ஓட்டநேரம்' என்று முன்கூட்டியே கூட்டி வைத்தால், திரும்பும் தறுவாயில் கூட்டுத்தொகை சின்ன எண்ணாகி, பம்பு போட்ட கையோடு நிற்கும். 'இப்போது − தொடக்கம் >= ஓட்டநேரம்' என்று எழுதுங்கள். தொடக்கம் 4,29,49,67,000, இப்போது 704 என்றாலும் கழித்தால் 1000 என்றே வரும். 'தொடக்கம்' மாறியும் அன்சைன்டு லாங்காக இருக்க வேண்டும்.

மைக்ரோஸ் (அதையே மைக்ரோவிநாடியில் சொல்வது) வைத்து எழுதினால் இதே திரும்பல் சுமார் 71.6 நிமிடத்திலேயே வந்துவிடும்.

காலை 6 மணிக்கு ஓட வேண்டும் என்ற மாதிரி வேலைக்கு மில்லிஸ் லாயக்கில்லை. யூனோவில் நேரத் துடிப்பைத் தரும் செராமிக் ரெசனேட்டர் 0.5 சதவீதம் வரை விலகலாம். ஒரு நாளைக்கு 432 விநாடி, ஏழு நிமிடத்துக்கு மேல். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் போடுங்கள். பத்து லட்சத்தில் 2 பங்கு விலகல்தான், வருடத்துக்கு ஏறத்தாழ 63 விநாடி.

பிட்_கணக்கன்:
ஈஎஸ்பி32-க்கே மாறுவதாக இருந்தால் ஒன்று கவனிக்கவும். டீப் ஸ்லீப் (மின்சாரம் மிச்சமாக போர்டைத் தூங்க வைப்பது) நேரத்தை மைக்ரோவிநாடியில் கேட்கும். 35 * 60 * 10,00,000 வரை 32 பிட் தாங்கும். 36 நிமிடத்திலேயே வழிந்துவிடும். 1 மணி நேரம் என்று நினைத்து எழுதியது எதிர்ம எண்ணாகி, 64 பிட்டுக்குப் போகும்போது சுமார் 5,84,500 ஆண்டு என்ற கணக்கு வரும். அங்கே முதல் எண்ணுடன் யூ எல் சேர்த்தால் சுமார் 71 நிமிடம் வரைதான் தாங்கும், அதற்கு மேல் யூ எல் எல் வேண்டும்.