‘க’ எல்லாம் ‘த’ ஆகிறது: ஊதல் பயிற்சி போதுமா?

வான்மதி:
மகளுக்கு நாலரை வயது. ‘காய்’ என்பதைத் ‘தாய்’ என்கிறாள். ‘கை’ அவளுக்குத் ‘தை’. எங்களுக்குப் புரிகிறது, வெளியாருக்குப் பாதிதான் புரிகிறது. அவளுடைய பேச்சுப் பயிற்சியாளர் ஊதல் ஊதவும், நாக்கை நீட்டி மடக்கவும் சொல்லியிருக்கிறார். நாள் தவறாமல் செய்கிறோம். ஊதல் நன்றாக ஊதுகிறாள், ‘க’ மட்டும் வரவில்லை. வேறு வழி உண்டா?

குறிஞ்சி (பேச்சுப் பயிற்சியாளர்):
முதலில் காது. செவித்திறன் சோதனை ஆயிற்றா? நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூட ஒலிகள் மங்கிக் கேட்கும்.

ஊதலை விளையாட்டுப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஊதப் பழகினால் ஊத வரும், அவ்வளவுதான். அதனால் பேச்சொலி திருந்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இதை இன்னும் எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறார்களோ! நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நாக்கின் வலுக்குறைவாகத் தெரியவில்லை. பின்நாக்கில் பிறக்க வேண்டிய ஒலியை ஓர் ஒழுங்கோடு முன்னே கொண்டுவருகிறாள். சின்ன வயதில் பல குழந்தைகள் இப்படித்தான் பேசுவார்கள். நாலரையிலும் நீடிப்பதால் கவனிக்க வேண்டும்.

தனியாக ‘க்’ சொல்ல வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மல்லாந்து படுத்தபடி சொல்லச் செய்யலாம். சில குழந்தைகளுக்கு நாக்கு தானாகப் பின்னே சரியும். வந்துவிட்டால் இணைச் சொற்கள், அதாவது ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொற்கள். பேச்சு ஆய்வாளர் ஃபிரெடரிக் வைனர் 1981-இல் எழுதிக்காட்டிய முறை இது. காய், தாய் இரண்டையும் படமாக வையுங்கள். முதலில் நீங்கள் சொல்ல, அவள் எடுக்கட்டும். பிறகு அவள் சொல்ல, நீங்கள் எடுங்கள். காயை மனத்தில் வைத்துக்கொண்டு ‘தாய்’ என்றால், தாய்ப் படத்தையே நீட்டுங்கள். முகம் சுளிப்பாள். திருத்தாதீர்கள், காத்திருங்கள். கட்டு–தட்டு, கை–தை என்று பிறகு கூட்டலாம்.

மருதன்:
என் மகனுக்கு இந்த இணைச் சொல் முறை பலிக்கவில்லை. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வான். அவனுக்கு அன்றாடம் தேவையான சொற்களைத் தேர்ந்து, எப்போதும் ஒரே மாதிரி சொல்லவைத்த பிறகுதான் பேச்சு பிடிபட்டது.

குறிஞ்சி:
ஆம், நிலையில்லாத பிழைக்கு அந்த வழிதான். பேச்சு ஆய்வாளர் பார்பரா டாட் வகுத்தது. பல ஒலிகள் ஒருசேரக் குழம்பி, பேச்சே விளங்காத குழந்தைக்கு இன்னொரு ஆய்வாளர் பார்பரா ஹாட்சனின் சுழற்சி முறை: ஓர் ஒலி முழுதும் கைவரும் வரை நிற்காமல் அடுத்ததற்குப் போய், மீண்டும் சுற்றிவருவது. வான்மதியின் மகளுக்கு இரண்டும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். நேரில் பார்ப்பவர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

வான்மதி:
செவிச் சோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன். கோபித்துக்கொண்டு படத்தை வீசி எறிந்தால் என்ன செய்வது?

குறிஞ்சி:
அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். மறுநாள் அவளை ஆசிரியை ஆக்குங்கள்: நீங்கள் வேண்டுமென்றே ‘கட்டு’ படத்தைத் ‘தட்டு’ என்று மாற்றிச் சொல்லுங்கள், அவள் பிழை பிடிக்கட்டும்.