அப்பாவின் ஹாசல்பிளாடை விற்க உதவுங்கள்

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்பாவின் ஹாசல்பிளாட் 500 சி/எம் கேமராவையும் 80 மி.மீ. பிளானார் லென்ஸையும் விற்க வேண்டும். அதில் போடும் 120 என்ற அகல ஃபிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள்தான் விழும். ஒவ்வொன்றையும் யோசித்தே எடுப்பார்.

லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் (ஒளியைத் திறந்து மூடும் பாகம்) ஒரு நொடி வேகத்தில் வைத்தால் மூடத் தாமதமாகி இழுக்கிறது. லென்ஸ் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய பூஞ்சையும் தெரிகிறது. இதை மறைத்து விற்க எனக்கு மனமில்லை. ஒரு கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் அடிமாட்டு விலை சொன்னார்கள். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

கோவை, ஈரோடு பக்கம் இதைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா? பழுது பார்த்தபின் விற்பதா, இருக்கிறபடியே கொடுப்பதா? முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியூருக்குக் கூரியரில் அனுப்பலாமா? நேரில் வருபவர் ஒரு சுருள் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். இன்னமும் ஃபிலிமில் படம் எடுப்பவர் என்றால் விலையைக் குறைத்தே தருவேன்.