பிட்டர் (இங்கிலாந்தோட கசப்பான, கேஸ் கம்மியான பீர்) குடிச்ச, வீட்டுல காய்ச்சுன அனுபவம் இருக்கிறவங்க எழுதுங்க

கீத்லிக்குளிர்:
லேண்ட்லார்ட்ங்கற பிட்டர் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல) வாங்கி, திருப்பிக் கொடுத்தேன். பன்னெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது.

வட இங்கிலாந்துல கீத்லி பக்கம் ஒரு பப். சில்லுனு இல்லாத பீரை நம்ம ஊர்ல யாரு தொடுவா, அந்தப் பழக்கத்தோட போனவன். ஹேண்ட்பம்ப்ல இழுத்துக் கொடுத்தாங்க, மேல ஆடை மாதிரி நுரை. ஒரு வாய் வெச்சதும், "கேஸே இல்ல, கெட்டுப்போச்சு போல"ன்னு கவுண்டர்ல வெச்சுட்டேன். அங்க நின்ன பெரியவர்தான் நிலவறையைப் பாத்துக்கறவர். வாக்குவாதமே பண்ணல. கிளாஸை விளக்குக்கு நேரா தூக்கிப் பிடிச்சார். தேன் நிறம், ஒரு தூசு இல்ல. மோந்து பாத்தார். அப்புறம் மெதுவா சிங்க்ல சாய்ச்சுட்டு எனக்கு லாகர், அதான் கேஸ் நிறைஞ்ச சில்லுனு இருக்கற பீர், பிடிச்சுக் கொடுத்தார். அந்தக் கை சாய்ஞ்சது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இப்ப நானே காய்ச்சறேன். 12 டிகிரிதான் அதுக்குச் சரியான சூடுன்னு தெரியும். பீப்பாயைக் கிடத்தி, மேல் ஓட்டையில ஸ்பைல்ங்கற சின்ன மரக்குச்சி அடிச்சு, மிச்ச கேஸை வெளிய விட்டு, வண்டல் இறங்கறவரை அசைக்காம காக்கணும். திறந்துட்டா மூணு நாள்ல வித்தாகணும். பாத்துப் பாத்து வெச்சதை ஒரே வார்த்தையில கெட்டுப்போச்சுன்னுட்டேன்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
என்ர கதை வீட்டில நடந்தது. முதல் தரமே 23 லிட்டர். மாரிஸ் ஓட்டர் மோல்ட் (முளைக்க வைச்ச பார்லி), கொஞ்சம் கிறிஸ்டல் மோல்ட், கசப்புக்கும் வாசனைக்கும் ஃபகிள், கோல்டிங்ஸ் எண்ட ஹாப்ஸ் பூ எண்டு எல்லாம் பார்த்துத்தான் வாங்கினனான். 66 டிகிரியில ஒரு மணித்தியாலம் ஊற வைச்சு, பானையைப் போர்வையால சுத்தி, பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தனான்.

ஒரு மாதத்தால மனுசியின்ர அப்பா வந்தவர். முதல் போத்தலை அவருக்குத்தான் திறந்தனான். ஒரு முடறு குடிச்சிட்டு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது ஆசுப்பத்திரி மணக்குதே" எண்டார். அவ்வளவுதான். மிச்சத்தையும் மரியாதைக்குக் குடிச்சு முடிச்சவர், அதுதான் எனக்குத் தாங்கேல்லை.

குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரின்தான் காரணம். அதுக்குப் பதிலா குளோரமின் எண்ட மருந்து போட்டிருந்தால் கொதிக்க வைச்சாலும் லேசில போகாது. அதை எடுக்கிற கேம்ப்டன் குளிசை அரைவாசி போட்டிருந்தால் சரி. நாப்பது போத்தலுக்கு மேல குளியலறையில ஊத்தினனான்.

லூயிஸ்வாசி:
கீத்லி நண்பருக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அந்த ஆடை மாதிரி நுரை ஸ்பார்க்ளரோட வேலை. பம்ப் மூக்குல மாட்டற சின்னச் சின்ன ஓட்டை போட்ட மூடி. இருக்கிற கொஞ்ச கேஸும் நுரைக்குப் போயிடும், ஹாப்ஸ் வாசனையும் அதோட போயிடும். உங்களுக்குக் கேஸே இல்லாம தெரிஞ்சதுல அதுக்கும் பங்கு இருக்கு. எங்க தெற்குல மாட்டாம ஊத்துவாங்க, எங்க லூயிஸ் ஊர் ஹார்வீஸ் ஆலையோட பெஸ்ட் பிட்டரை அப்படித்தான் குடிக்கணும்.

என் அனுபவம் சின்னது. காய்ச்சற நாள்ல ஆத்துப் பாலத்துல நடந்தா ஹார்வீஸ்ல இருந்து கேழ்வரகுக் கூழ் கிண்டற வாசனை வரும். வேலை போன வாரம் அந்தப் பாலத்துலயே நின்னுட்டு இருந்தேன். அந்த வாசனைக்காகத்தான் காய்ச்சக் கத்துக்கிட்டேன்.

காய்ச்சப்போறவங்களுக்கு: பாட்டில்ல சக்கரையை அள்ளிப் போடாதீங்க. 23 லிட்டருக்கு 60 கிராம் தாராளம், அதுக்கு மேல போனா பிட்டர் சோடாவாயிடும். தெற்குத் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, அது போர்ட்டர்ங்கற கறுப்பு பீருக்குப் பொருந்தும். பிட்டருக்குக் கசப்பு நறுக்குனு நிக்கணும்னா தண்ணியில ஜிப்சம்ங்கற தாது உப்பு சேர்க்கணும். ஈஸ்ட்டை 18, 20 டிகிரிக்குள்ள வைங்க. ஆல்கஹால் 4 சதவீதம் தாண்ட வேணாம். ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து பேச்சோட பேச்சா குடிக்கற பானம் இது. பீப்பாயிலேயே பக்குவமாகற இந்த காஸ்க் பீரைக் காப்பாத்தத்தான் 1971-ல காம்ராங்கற பீர் பிரியர் இயக்கத்தை ஆரம்பிச்சாங்க. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து உடனே ஊத்தாதீங்க, அரை மணி நேரம் வெளிய வைங்க.

பர்ட்டன்மருமகள்:
நான் சைவம். எங்க பர்ட்டன் ஊர்த் தண்ணியிலயே ஜிப்சம் இருக்கு, அதனால இங்க பிட்டர்ல முதல்ல தீக்குச்சி உரசின வாடை அடிக்கும். அது போனதும் பிஸ்கட் ருசி வரும். அதுக்காகவே ரெண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம குடிச்சேன். ஒருநாள் பீர் இவ்வளவு தெளிவா எப்படி வருதுன்னு ஆசையா கேட்டேன். பாரில் இருந்த பொண்ணு இயல்பா சொன்னா: "மீனோட காத்துப் பையில இருந்து எடுக்கற ஐசிங்கிளாஸ்." கிளாஸ் பாதி இருந்தது. கீழ வெச்சிட்டு கையைத் துடைச்சேன். எல்லா பீர்லயும் அது கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

இப்ப வீட்டுல காய்ச்சறேன். தெளிய வைக்க எதுவும் சேர்க்கறதில்ல. கொதி முடிஞ்சதும் சீக்கிரம் ஆற வெச்சு, ரெண்டு வாரம் குளிர்ல விட்டா தானா தெளியுது. லேசா மங்கலா இருந்தாலும் ருசி அதேதான்.

கீத்லிக்குளிர்:
லூயிஸ் நண்பரே, ஸ்பார்க்ளரைக் குறை சொல்லாதீங்க. வடக்குல அந்த நுரை வழியாத்தான் கசப்பு நாக்குக்கு மெத்துனு வருது. நேத்து ராத்திரி என் பாட்டிலை ரெண்டு கிளாஸ்ல ஊத்தினேன். ஒண்ணுல சிரிஞ்சால கொஞ்சம் உறிஞ்சி, வேகமா திரும்பப் பீச்சினேன், அப்படியே பப் நுரை வந்துச்சு. சும்மா ஊத்தினதுல கோல்டிங்ஸ் வாசனை தூக்கலா இருந்தது, அது உண்மை. ஆனா நுரையோட இருந்ததுதான் முதல்ல காலியாச்சு.