தனிக் கண்காட்சி: பார்த்ததையும் கற்பனையையும் பிரித்துத்தான் மாட்ட வேண்டுமா?

மஸ்கெலியாக்காரி:
அடுத்த மாதம் இலங்கை மலையகத்து ஹட்டனில் என்னுடைய முதல் தனி ஓவியக் கண்காட்சி. பாதிப் படங்கள் நான் கண்ணால் பார்த்தவை: தோட்டத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் காயும் கம்பளி, கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பார்களோ என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசை முறைக்கும் அம்மா. மீதி, மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா டவுன். நான் பிறக்கு முன்பே முங்கியது. தண்ணீர் நன்றாக வற்றினால் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும், நான் கண்டது அவ்வளவுதான். கடைவீதியெல்லாம் அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்லக் கேட்டது. அவர் சொல்லாத இடத்தில் நானே கடை வைத்தேன்.

ஒரு படத்தில் துணிக்கடை வாசலில் அம்மாயியின் அக்கா நிற்கிறார். தோட்ட மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர், ஒரு போட்டோகூட இல்லை. அதனால் என் முகத்தையே வைத்துவிட்டேன்.

உதவிக்கு வந்த நண்பர் 'நினைவு', 'கற்பனை' என்று இரண்டு சுவராகப் பிரிக்கச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம், சிலதை டஸ்ட் தேயிலைச் சாயத்தில் தீட்டினேன். இந்தப் பனியில் தாங்குமா?

கம்பளை வாசகன்:
பிரிக்கத்தான் வேணும் தங்கச்சி. கம்பளைப் பக்கம் 2007இல் பழைய லயத்து வரிசை வீட்டிலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறந்தார்களே, அங்கே இருப்பது நம் ஆட்கள் புழங்கிய சாமான். நம்மைப் பற்றிப் பதிந்திருப்பதே கொஞ்சம். நீங்கள் சும்மா வைத்த கடையை நாளைக்கு யாராவது படம் பிடித்து 'பழைய மஸ்கெலியா' என்று முகநூலில் போட்டால் அதுவே சரித்திரமாகிவிடும்.

தூரிகை:
சாயத்துக்குப் பனியைவிட வெயில்தான் எதிரி. வெளிச்சத்தில் வெளிறும், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். இரும்பு கலந்து கறுப்பு எடுத்திருந்தால் நாளடைவில் தாளையே அரிக்கும். பிரேம் கண்ணாடி தாளில் ஒட்டக்கூடாது. இடையில் அட்டைப் பட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றுப் போகும்.

சுவர் பிரிப்பது வேண்டாம். அம்மாயி சொன்னதை எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்?

மஸ்கெலியாக்காரி:
அதேதான் அக்கா! ஆனால் அண்ணன் சொல்கிற பயமும் நியாயம். ஒரே வரிசையில் மாட்டி, படத்தடியில் 'பார்த்தது', 'அம்மாயி சொன்னது', 'நான் வைத்தது' என்று எழுதிவிடுகிறேன். துணிக்கடைப் படத்துக்கு மூன்றும் வரும். கறுப்பு எடுத்தது ஒரே படம்தான், அது ஏற்கனவே மஞ்சள் தட்டுகிறது. அதை விற்கப் போவதில்லை.

கம்பளை வாசகன்:
அப்படியென்றால் சரி. எழுத்தைப் பெரிசாகப் போடுங்கள், வயசானவர்களும் வாசிக்கணும். திறப்பை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், கிழமை நாளில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவது? எங்கள் அம்மாவைக் கூட்டி வருகிறேன். அவரும் பழைய டவுனைப் பார்த்தவர், கோயில் வாசல் எந்தப் பக்கம் என்று கட்டாயம் சண்டை பிடிப்பார்.